சூடிக்கொடுத்தவளின் ஊரிலிருந்து ஒரு பொட்டலம்

மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள திருத்தலம் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த புண்ணிய பூமி. பதினோரு நிலை ராஜகோபுரம் வெகு தூரத்திலேயே கண்ணில் படும். கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னார், கருடாழ்வார் மூவரும் ஒருங்கே நின்று சேவை சாதிக்கின்றனர்.

சேவித்து வெளியே வந்தால், பால் சுண்டும் மணம் வரவேற்கும். பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து, அகன்ற வாணலியில் கைவிடாமல் கிளறி எடுக்கப்படும் இவ்வூர்ப் பால்கோவா, 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கடை வாசலில் நிற்கும் முதியோர் பலர் அதை வாங்குவது தமக்காக அன்று. தூர தேசத்துப் பிள்ளைகளுக்காக.

ஒரு மார்கழிக் காலையில் அவ்வாறு நின்றிருந்தனர் ஒரு தம்பதியர். மகள் மெல்போர்னில் இருக்கிறாள், கருவுற்றிருக்கிறாள். தந்தையின் உடல்நிலை காரணமாக இருவராலும் அங்கே செல்ல இயலவில்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது பால்கோவா ஒன்றைத்தான். அண்டை வீட்டுப் பிள்ளை மறுநாள் அந்நகருக்குப் புறப்படுகிறான்.

"அரைக் கிலோ, நன்றாகக் கட்டிக் கொடுங்கள் தம்பி. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது" என்றார் பெரியவர்.

கடைக்காரர் கையை நிறுத்தினார். "அங்கே நம்ம ஊர்ப் பால் பலகாரத்தை உள்ளே விடமாட்டாங்க ஐயா. சொல்லாமக் கொண்டுபோனா, கொண்டுபோற பிள்ளைக்குத்தான் அபராதம்."

அம்மையாரின் முகம் வாடியது. ஆடிப்பூரத் தேர் பார்க்க வந்த நாளில், இலைத் துண்டில் வைத்த சூடான கோவாவை ஊதி ஊதித் தின்ற சிறுமி அவர் கண்முன் நின்றாள்.

கடைக்காரர் சற்று யோசித்தார். "பால் அங்கேயும் இருக்கும்மா. பக்குவத்தை அனுப்புங்க" என்றார். கொழுப்பெடுக்காத பால், அடி கனத்த அகலப் பாத்திரம், மிதமான தீ, ஓயாத கை என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியவர் அர்ச்சனைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். சன்னதித் தெருவில் வளைகாப்புக்கென்று கண்ணாடி வளையல்கள் வாங்கினார் அம்மையார். ஆண்டாளின் குங்குமத்தையும் அவற்றோடு வைத்துக் கட்டினார்.

மகளைப் பிரிந்த தவிப்பு இவ்வூருக்குப் புதிதன்று. துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த ஒரே மகளைத் திருவரங்கத்து அரங்கனிடம் ஒப்படைத்துத் தனித்திருந்தவர் பெரியாழ்வார். அனுப்புவதும் இவ்வூரின் வழக்கமே. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருமலையப்பனுக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிய மாலை இன்றும் இங்கிருந்துதான் செல்கிறது.

அவளுக்கும் அனுப்ப ஆசைப்பட்ட ஒன்று இருந்தது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைக்க நேர்ந்துகொண்டாள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஸ்ரீராமானுஜர் அந்தப் பிரார்த்தனையைத் தாமே முன்னின்று நிறைவேற்றினார். பிறகு அவர் இத்தலத்திற்கு வந்தபோது, ஆண்டாள் "அண்ணா" என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது ஐதீகம். அதனால் அவருக்குக் 'கோயில் அண்ணன்' என்னும் திருநாமம் ஏற்பட்டது.

பெற்றோரால் கொண்டு சேர்க்க இயலாததை வேறொருவர் கை கொண்டு சேர்க்கும். வளையலையும் குங்குமத்தையும் ஒரு துண்டுச் சீட்டையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கடல் கடக்கும் அந்த அண்டை வீட்டுப் பிள்ளையும், மெல்போர்னில் காத்திருக்கும் மகளுக்கு ஓர் அண்ணனே.