சுவரேறி வந்த கம்பி

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, கம்பைநல்லூரில் எங்கள் வீட்டிலும் இணைப்புப் பெற்றோம். கேபிள்கார அண்ணன் கறுப்புக் கம்பியை வெளிச்சுவரில் கிளிப் அடித்துக் கொண்டுவந்து, சன்னலோரம் துளையிட்டு நேராக உள்ளே விட்டார். நடக்க இயலாத பாட்டி இனி வீட்டிலிருந்தே திருப்பலி காண்பார் என்று சகோதரிகள் மூவரும் மகிழ்ந்தோம்.

ஐப்பசி மழையில் படம் புள்ளி புள்ளியாயிற்று, சுவரும் ஊறியது. பாட்டி ஒன்றும் சொல்லாமல் செபமாலையை எடுத்துக்கொண்டார். அதுதான் எங்களை வருத்தியது.

அப்பா கெட்டுப்போன நுனியை வெட்டிக் காட்டினார். நடுவே உலோகக் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் மெல்லிய வலை, பின் கறுப்பு உறை. (1880-இலேயே இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை பெற்ற அமைப்பு இது!) மழைநீர் கம்பியைப் பிடித்தபடியே துளைக்குள் வந்து, வலையை அரித்திருந்தது.

நாங்கள் ஏணியைப் பிடித்தோம். அப்பா துளையை வெளிப்பக்கம் சரியும்படி மாற்றியிட்டு, அதற்குக் கீழே கம்பியை வளைத்துத் தொங்கவிட்டார்.

அடுத்த ஞாயிறும் மழைதான். எழுந்தேற்றத்தின்போது பாட்டி கைகுவித்தார். நாங்களோ (சிஸ்டர் மன்னிக்க!) சன்னல் வழியே, வளைவின் அடியில் நீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.