இருமும் குன்றும் எண்ணி வைத்த தோட்டாக்களும்

மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று, பாத்தோக் என்றால் இருமல். சிங்கப்பூரின் மேற்குப் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வட்டாரத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குன்றின் குளிர்காற்று பட்டு மக்கள் இருமினார்கள் என்பது ஒன்று. ஜாவானியர் தேங்காய்ச் சிரட்டையை இப்படி அழைப்பார்கள், இங்கே தென்னைகள் இருந்தன என்பது இன்னொன்று. கல்லைக் குறிக்கும் ‘பாத்து’ மருவியது என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்தது நான்காவது கதை. கற்குவாரியில் வெடி வைக்கும்போது எழுந்த ஓசை, தூரத்தில் இருந்தவர்களுக்குக் குன்று இருமுவதுபோல் கேட்டதாம்.

அந்தக் குவாரிகளில் ஒன்றைப் பார்க்க புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் போதும். வெட்டி முடித்து கைவிட்ட பள்ளத்தில் நீர் நிறைந்து குளமாகிவிட்டது. நடுவே பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. பள்ளத்தை மூடிச் சாலை போடத்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் நினைத்தது; அழகைப் பார்த்து மனம் மாறியது. சீனாவின் குய்லின் நகரை நினைவூட்டுவதால் மக்கள் இதைக் குட்டி குய்லின் என்கிறார்கள். திருமண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள். புக்கிட் பாத்தோக் என்றதும் வாகனமோட்டும் பயிற்சி நிலையத்தையும், அங்கே தேர்வில் தோற்ற கதையையும் மட்டும் நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் குவாரியில் பாறையில் துளையிட்டு இறக்குவதும் தோட்டா, துப்பாக்கியில் போடுவதும் தோட்டா. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இங்கே இரண்டையும் சேர்த்து நினைக்கக் காரணம் உண்டு. குட்டி குய்லினுக்குப் பின்னால் இருக்கும் கோம்பாக் குன்றில்தான் தற்காப்பு அமைச்சின் தலைமையகம் இருக்கிறது. எம்ஆர்டி நிலையத்தில் பச்சைச் சீருடைக்காரர்களை எப்போதும் பார்க்கலாம்.

அந்தச் சீருடையை ஒருமுறையாவது அணிந்த எவரைக் கேட்டாலும் ஒரு காட்சியைச் சொல்வார். சுட்டுப் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் குனிந்து தரையில் பித்தளை பொறுக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் வெற்று உறைகள்தான் அந்தப் பித்தளை. எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை உறை திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடல் தொடரும். கொசுக்கடியோடு இருட்டும்வரை தேடிய கதைகள் கோப்பிக்கடைகளில் ஏராளம். கடைசியில் ஒவ்வொருவரும் அதிகாரி முன் நின்று, சுடாத தோட்டாவோ வெற்று உறையோ படைக்குச் சொந்தமான வேறு எதுவுமோ தம்மிடம் இல்லை என்று உரக்க அறிவிக்க வேண்டும்.

சுட்டு முடித்த பித்தளைக் குழாய்க்கு ஏன் இவ்வளவு பாடு? அது குப்பை இல்லை என்பதால்தான். தோட்டாவில் நான்கு பகுதிகள்: உறை, அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுடும்போது மூன்று போய்விடும். உறை மட்டும் மிஞ்சும். அதை மறுபடியும் நிரப்பலாம்.

அமெரிக்காவில் இது வீட்டுப் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. கார் நிறுத்தும் கொட்டகையில் மேசையோடு முடுக்கிய ஒரு கைப்பிடி இயந்திரம் இருக்கும். எதை வாங்குவது என்பதில் அங்கே முடிவில்லாத விவாதம். ‘சிங்கிள் ஸ்டேஜ்’ பிரஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும்: பழைய பிரைமரைத் தள்ளுவது ஒரு சுற்று, புதியதை வைப்பது இன்னொரு சுற்று. ‘புரோகிரசிவ்’ பிரஸ்ஸில் உறைகள் வட்டத் தட்டில் நகர்ந்தபடி இருக்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் வேலை நடந்து ஒரு முழுத் தோட்டா விழும். மணிக்குச் சில நூறு தேறும். டில்லான் நிறுவனத்தின் 550 ரகத்தில் தட்டைக் கையால் திருப்ப வேண்டும், 750 ரகத்தில் அதுவே திரும்பிக்கொள்ளும்.

வேகம் கூடுவதுதான் வில்லங்கமும். ஒரே இழுப்பில் நான்கைந்து காரியம் நடக்கும்போது ஓர் உறைக்கு மருந்து இருமடங்கு விழுந்ததையோ விழாமலே போனதையோ கண் தவறவிடலாம். அதனால்தான் அனுபவசாலிகள் புதியவர்களை ஒற்றை இயந்திரத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். தானே திரும்பும் தட்டைவிடக் கையால் திருப்பும் தட்டே மேல், கவனம் சிதறாது என்று வாதிடுபவர்களும் உண்டு. மாதம் எத்தனை சுடுவாய் என்பதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு நேரம் கவனம் தவறாமல் உட்கார முடியும் என்பதையும் கேட்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

புக்கிட் பாத்தோக்கின் நான்கறை வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 6 பிரம்படி. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் ஒரு படி போய், அனுமதியில்லாமல் துப்பாக்கியின் கணினி வரைபடத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கடுமைதான். ஆனால் நடுராத்திரியில் தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்குப் பின்னால் கேட்கும் காலடி துப்பாக்கி வைத்திருப்பவனுடையதாக இருக்குமோ என்ற பயம் இந்த ஊரில் இல்லை. அதற்கு இந்த விலை கொடுக்கலாம் என்பதே என் எண்ணம்.

துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டு இங்கே இல்லாமலில்லை. சுவா சூ காங்கில் தேசிய நிலையம் இருக்கிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் ரைபிள் பிரிவில் ஜாஸ்மின் செர் தங்கம் வென்றார். அந்தப் பிரிவில் பயன்படும் 0.22 தோட்டாவுக்குப் பொறி மருந்து விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருப்பதால், சுட்ட உறையை எந்த நாட்டுக்காரரும் பிரஸ்ஸில் போட்டு நிரப்புவதில்லை.

நாட்டுக்கு வேண்டிய தோட்டாவை நாடே செய்துகொண்டது. தேசிய சேவைச் சட்டம் வந்த அதே 1967இல் தொடங்கிய சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரிஸ் நிறுவனம், எம்-16 ரைபிளுக்கான 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்களைச் செய்தது. அடுத்த ஆண்டு அதன் கீழேயே நாணயச்சாலையும் வந்தது. கோப்பிக்கு நீட்டும் சில்லறையும் சிப்பாயின் தோட்டாவும் ஒரே குடும்பம். உலோகத்தைப் பிரஸ்ஸில் அழுத்தும் வேலைதானே இரண்டும்.

தோட்டாவை இப்படி எண்ணி எண்ணி வைக்கும் குணத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அதற்கு அப்பர் புக்கிட் தீமா சாலைக்குப் போக வேண்டும். அங்கே 1941இல் திறந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை இப்போது அரும்பொருளகம். 1942 பிப்ரவரி 15 மாலை, ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமாஷிட்டாவிடம் சரணடைந்தது இங்கேதான்.

அன்று காலை ஃபோர்ட் கேனிங் நிலவறையில் கூடிய பிரிட்டிஷ் தளபதிகளின் பட்டியல் சுருக்கமானது: தண்ணீர் இல்லை, பெட்ரோல் இல்லை, பீரங்கிக் குண்டு தீர்கிறது. சில நாள் முன்புதான் புக்கிட் தீமா வீழ்ந்து, அதைச் சுற்றியிருந்த உணவு, எரிபொருள், வெடிபொருள் கிடங்குகளும் கைவிட்டுப் போயிருந்தன. வேடிக்கை என்னவென்றால் யமாஷிட்டாவின் பக்கமும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. தன்னிடம் 30,000 பேர்தான், எதிரி மூன்று மடங்குக்கும் மேல், தாக்குதலே ஒரு பாவனை என்று அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மேசையின் இரு பக்கமும் கிடங்கு காலி. ஒருவர் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து கிளம்புகிறது.

தொழிற்சாலைக்கு அருகிலிருந்து லோரோங் செசுவாய் என்ற சிறு பாதை குன்றேறுகிறது. இறந்த தம் வீரர்களுக்கு ஜப்பானியர் உச்சியில் மரத்தாலான நினைவுத்தூண் எழுப்பினார்கள். கட்டியவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். தூணுக்குப் பின்னால் தம் தோழர்களுக்காக ஒரு சிலுவை நடவும் கைதிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1945இல் தோற்றதும் ஜப்பானியரே தூணை அழித்துவிட்டார்கள். மிஞ்சியவை அடிவாரத்தில் இரண்டு தூண்களும் மேலேறும் 120 படிகளும். உச்சியில் வேலி போட்ட ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. மாலையில் படியேறிப் பயிற்சி செய்பவர்கள் வேலிவரை ஓடிவந்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டப் பை வேண்டாம்.