கோப்பில் வராத காரணம்

கேட் மாடலை சிமுலேஷனுக்குள் கொண்டுவருவதை வெறும் ஃபைல் மாற்றும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓப்பன், சேவ் அஸ், முடிஞ்சுது. எனக்கோ வாரத்தில் பாதி நாள் இதிலேயே போகிறது.

ஐஎஸ்ஓ 10303 என்ற பெயரில் 1994-இல் முதலில் வெளியான ஸ்டெப்தான் இன்றும் இந்த மென்பொருட்களுக்குப் பொதுமொழி. பரப்பு, விளிம்பு எல்லாவற்றையும் கணிதமாகச் சுமந்து வரும். எஸ்டிஎல் பாவம், வெறும் முக்கோணங்கள். மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட அதற்குத் தெரியாது. மாற்றித் தேர்ந்தெடுத்தால் பாகம் 25.4 மடங்கு வீங்கி நிற்கும்.

ஸ்டெப்பிலும் தொல்லை உண்டு. இரண்டு பரப்புகள் எவ்வளவு நெருங்கினால் ஒட்டியதாக அர்த்தம் என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கணக்கு. அங்கே முழுத்திடமாக இருந்தது இங்கே மயிரிழை இடைவெளிகளோடு ஓடாக வந்து இறங்கும். தைத்துவிடலாம், பிரச்சினையில்லை.

தைக்க முடியாதது, மாடலின் வரலாறு. எதை முதலில் வரைந்தார்கள், எந்த அளவு எதைச் சார்ந்தது என்பதெல்லாம் வழக்கமான ஸ்டெப் ஏற்றுமதியில் உதிர்ந்துவிடும். வடிவம் வரும், காரணம் வராது.

மெஷ் போடுமுன் நாங்கள் மாடலை எளிமையாக்குவோம். பொறித்த எழுத்து, சின்னத் துளை, மூலையை உருட்டிவிடும் ஃபில்லெட் எல்லாம் போகும். ஆனால் சுமை தாங்கும் உள்மூலையில் இருக்கும் ஃபில்லெட்டை எடுத்துக் கூர்மையாக்கினால், அங்கே ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்பதற்கு விடையே கிடைக்காது. மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க எண் ஏறிக்கொண்டே போகும்.

ஒருமுறை ஒரு வார்ப்பு பிராக்கெட் வந்தது. உள்மூலைகள் எல்லாம் 3 மி.மீ., ஒன்று மட்டும் 6. வடிவமைத்தவருக்கு போன் போட்டேன்.

"அது மட்டும் ஏன் சார் ஆறு?"

"பழைய மாடல்ல அங்கதான் தம்பி விரிசல் விட்டுச்சு. ஆறாக்குனோம். அப்புறம் வரல."

"டிராயிங்ல எழுதலியே சார்?"

"எதுக்கு? இங்க எல்லாருக்கும் தெரியுமே."

அந்த 'எல்லாரும்' யார் என்று யோசித்தேன். உடைந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்த நாலைந்து பேர். சிறிய ஃபில்லெட்டுகளை மொத்தமாக நீக்கும் என் ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது அதில் சில வரிகள் சேர்த்திருக்கிறேன். மற்றவற்றோடு ஒத்துப்போகாத வளைவைக் கண்டால் நீக்காமல் நின்று என்னைக் கேட்கும். நான் அவரைக் கேட்பேன். பதிலை மாடலோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கிறேன். வருகிற மார்ச்சில் அவர் ரிட்டயர் ஆகிறார்.