எல்லோரும் பாடுகிறார்கள் என்றால், யார் அந்த எல்லோரும்?

சுவீடன் மொழியில் 'ஆல்சோங்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஆல்' என்றால் எல்லோரும், 'சோங்' என்றால் பாட்டு. மேடையில் ஒருவர் பாட, கீழே இருப்பவர்கள் கைதட்டினால் அது ஆல்சோங் ஆகாது. வந்திருக்கும் அத்தனை பேரும் வாய்திறந்து பாட வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதா, சுருதி சேர்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கோடை வந்துவிட்டால் அந்த நாட்டில் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் இப்படிப் பாடுகிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடப்பதுதான் இவற்றில் பெரியது. 1935இல் ஸ்வென் லில்யா என்ற இசைக்காரர் அங்கே இதைத் தொடங்கினார். 1979 முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது.

இதை எதற்கு நாம் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நம் கூட்டங்களில் பாட்டு என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மைக் சரியாகும்வரை, பேச்சாளர் வந்துசேரும்வரை பாடச் சொல்கிறோம். இளம் தோழர்கள் பலர் 'பாட்டெல்லாம் முடிந்ததும் வருகிறோம்' என்று வெளியே டீக்கடையில் நிற்கிறார்கள். பாட்டு என்பது அரசியல் தொடங்குவதற்கு முன்னால் ஓடும் விளம்பரம் என்பதுபோல ஒரு நினைப்பு. எங்களுக்கும் அதில் பெரிய மாற்றுக்கருத்து இருந்ததில்லை.

சமூகப்பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு கோடையில் ஆறு வாரம் ஸ்டாக்ஹோமில் தங்கியிருந்தோம். அதில் மூன்று செவ்வாய்க்கிழமைகள் ஸ்கான்சென் போனோம். மாலை எட்டு மணிக்கு வெயில் இன்னும் இருக்கிறது. மதியத்திலிருந்தே ஜனம் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்கில் காபி, மழை வந்தால் போட்டுக்கொள்ள மழைக்கோட்டு. ரயிலில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காத மக்கள், இங்கே முன்பின் தெரியாதவரோடு கைகோத்து இடமும் வலமுமாக ஆடுகிறார்கள். பாட்டு வரிகள் அச்சடித்த சிறு புத்தகம் கையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியம்மா தன் புத்தகத்தைப் பாதி எங்கள் பக்கம் திருப்பி, பாட்டு நகர நகர வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். எங்களுக்கு மொழி தெரியாது. எழுத்துக்கூட்டி வாயசைத்தோம். மூன்றாவது வாரம் பல்லவி மட்டும் பிடிபட்டுவிட்டது.

சமூகவியல் வகுப்பில் துர்கைம் படித்திருப்பீர்கள். கூட்டம் ஒன்றுகூடிச் சேர்ந்து ஆடிப் பாடும்போது ஒரு கொந்தளிப்பு எழுகிறது, அதில்தான் சமூகம் தன்னைத்தானே உணர்கிறது என்பார். தேர்வில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு நாங்களும் எழுதியிருக்கிறோம். அன்று மயிர்க்கூச்செறிந்தபோதுதான் அது வெறும் பாடநூல் வரி இல்லை என்று தெரிந்தது. ஆனால் சேரியிலிருந்து வந்தவர்களின் கண் இருக்கிறதே, அது மேடையில் நிலைக்காது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் குப்பைத் தொட்டியைக் காலி செய்கிறார்கள் என்று போய்விடும். நால்வரும் தனித்தனியே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது திரும்பும் வழியில் பேசும்போது தெரிந்தது. அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தோம்.

இந்தப் பாட்டுக்கு ஒரு தரை வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுவீடனில் தொழிலாளர்கள் கூட்டம் போட மண்டபம் கிடைக்காது. உரிமையாளர்கள் தரமாட்டார்கள். திறந்தவெளியில்தான் பேச வேண்டும். இதை வாசிக்கும்போது உங்களுக்கு எந்த ஊர் மண்டபம் நினைவுக்கு வருகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? 1891இல் மால்மோ நகரில் தொழிலாளர் இயக்கம் ஒரு பூங்காவையே தன் வசமாக்கிக்கொண்டது. 'மக்கள் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். கூட்டமும் அங்கேதான், நடனமும் அங்கேதான், பாட்டும் அங்கேதான். பிறகு நாடு முழுக்க ஊருக்கொரு மக்கள் பூங்கா, மக்கள் இல்லம் என்று எழுந்தன. யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடிப் பாடுவதற்குச் சொந்தமாக ஓர் இடம்!

தரை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பெரிய பண்ணைகளில் 'ஸ்டாத்தாரே' என்ற நிலமற்ற கூலிக்குடும்பங்கள் இருந்தன. கூலியில் பெரும்பகுதி தானியமும் பாலும்தான். ஆண்டு ஒப்பந்தம், பண்ணை கொடுத்த குடிசை. மனைவியும் பண்ணையில் பால் கறக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் பிறந்த இவார் லூ-யூஹான்சன் அவர்களைப் பற்றியே எழுதி எழுதி அந்த முறையை நாடறியச் செய்தார். 1945இல்தான் அது ஒழிந்தது. ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை என்பது 1938இல் சட்டமானது. ஆகவே 'சுவீடன் கோடைப் பாரம்பரியம்' என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவதை அப்படியே நம்பாதீர்கள். விடுப்பில்லாதவனுக்குக் கோடை ஏது? பாடும் மாலைகளுக்குப் பின்னால் வேலைநிறுத்தங்கள் இருக்கின்றன, ரத்தமும் இருக்கிறது. ஸ்கான்செனில் ஆல்சோங் தொடங்குவதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1931 மே மாதம், ஓடாலன் பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளர்கள்மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள்.

அந்நாட்டு ஏழைகள் பாட்டை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஜோ ஹில் போதும். 1879இல் யெவ்லே நகரில் பிறந்தவர். 1902இல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தேவாலய மெட்டுகளை எடுத்து அவற்றில் கூலிக்காரன் வயிற்றைப் பற்றிய சொற்களை வைத்தார். புது மெட்டு கற்றுத்தர வேண்டியதில்லை பாருங்கள், கேட்டவுடன் கூட்டமே பாடிவிடும். 1915இல் யூட்டா மாநிலத்தில் அவரைக் கொலைக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள்.

இதுவரை வாசித்தால் சுவீடன் மேல் பெரிய மரியாதை வரும். எங்களுக்கும் வந்தது. ஆனால் 'எல்லோரும்' என்ற அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு கதை வருகிறது.

1935இல் ஸ்கான்செனில் எல்லோரும் பாடத் தொடங்கியபோது, ரோமா மக்கள் அந்த நாட்டுக்குள் நுழையவே தடை இருந்தது. 1914இல் வந்த அந்தத் தடை 1954 வரை நீடித்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த குடும்பங்களையும் ஊராட்சிகள் ஓரிடத்தில் தங்கவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. கத்தரீனா தைக்கோன் அப்படி வளர்ந்தவர், 1932இல் பிறந்தார். அவர் அப்பா இசைக்காரர். குடும்பமே கேளிக்கைச் சந்தை நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதாவது ஊராரின் கோடைக் கொண்டாட்டத்துக்கு இசை தந்தது அந்தக் குடும்பம், கொண்டாட்டம் முடிந்தால் ஊரைவிட்டுப் போக வேண்டியதும் அந்தக் குடும்பம். கத்தரீனா இருபது வயதுக்கு மேல்தான் எழுதப்படிக்கக் கற்றார். 1963இல் முதல் நூல் எழுதி, வீடும் பள்ளியும் கேட்டு அரசை உலுக்கினார். அரசு தன் பிழைகளைத் தொகுத்து வெள்ளை அறிக்கை வெளியிட 2014 ஆயிற்று. பிரதமர் பெர் அல்பின் ஹான்சன் நாட்டையே ஒரு 'மக்கள் வீடு' ஆக்குவோம் என்று பேசிய காலமும் அதுதான், 1934இல் கருத்தடைச் சட்டம் போட்டு 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறாமல் தடுத்த காலமும் அதுதான். வீட்டுக்குள் யார் என்பதை வீட்டுக்காரன் தீர்மானிக்கிறான்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பறை அடித்தவர்கள் எங்கள் தாத்தாக்கள். அந்த அடி கேட்டால்தான் தேர் நகரும். அந்தத் தேர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. தைக்கோன் குடும்பத்தின் கதை எங்களுக்கு விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஸ்கான்செனுக்கே வருவோம். ஆர்தர் ஹாசேலியஸ் என்பவர் அதை 1891இல் திறந்தார். ஆம், மால்மோ பூங்காவின் அதே ஆண்டு. பழைய குடியானவர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தினார். வடக்கே கலைமான் மேய்க்கும் பழங்குடிகளான சாமி மக்களின் குடியிருப்பு ஒன்றையும் அமைத்தார். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், நம் கோயில் சாமியல்ல.) அதில் உயிருள்ள சாமி குடும்பம் தங்கவைக்கப்பட்டது. சீட்டு வாங்கி வந்தவர்கள் அவர்கள் சமைப்பதையும் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துப் போனார்கள்.

அந்த மக்களுக்கும் பாட்டு உண்டு. 'யோய்க்' என்பார்கள். ஒருவரைப் பற்றிப் பாடுவதில்லை, அவரையே பாடுவது, மலையைப் பாடுவது, கலைமானைப் பாடுவது என்று விளக்குகிறார்கள். தேவாலயம் அதைப் பாவம் என்றது. மேளங்களைப் பறித்தது. 1693இல் லார்ஸ் நில்சன் என்ற சாமி முதியவருக்கு, மேளம் அடித்துத் தன் தெய்வங்களை வணங்கிய குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவருடைய மேளத்தையும் நெருப்பில் போட்டார்கள். தப்பிய மேளங்கள் பல இன்று ஸ்டாக்ஹோமின் நோர்டிஸ்கா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதை நிறுவியவரும் ஹாசேலியஸ்தான். ஸ்கான்செனிலிருந்து நடக்கும் தூரம். பறிக்கப்பட்ட மேளம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, பக்கத்துத் திடலில் எல்லோரும் பாடுகிறார்கள்.

2015இல் யோன் ஹென்ரிக் ஃபியெல்கிரென் என்ற சாமி பாடகர், நாடே பார்க்கும் பாட்டுப் போட்டியில் யோய்க் பாடி இரண்டாம் இடம் வந்தார். கொலம்பியாவில் பிறந்து, கலைமான் வளர்க்கும் சாமி குடும்பத்துக்குத் தத்துப்போனவர். முதலிடம் பெற்றவர் முன்பு ஸ்கான்செனில் ஆல்சோங் நடத்திய மோன்ஸ் செல்மர்லோவ். இதை வெற்றி என்பதா, கண்ணாடிப் பெட்டியை மேடைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதா? எங்கள் நால்வருக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒருவர் வெற்றிதான் என்கிறார், தடைசெய்யப்பட்ட குரலை நாடே கேட்டதைச் சின்னதாக்காதீர்கள் என்று கோபப்படுகிறார். கேட்பது வேறு, சேர்ந்து பாடுவது வேறு என்கிறார் இன்னொருவர். பாட்டுப் புத்தகத்தில் ஒரு யோய்க் அச்சாகி, அந்தப் பாட்டியம்மாவைப்போல ஆயிரம் பேர் விரல்வைத்து எழுத்துக்கூட்டினால்தான் அது ஆல்சோங் என்பது அவர் கட்சி.

திரும்பி வந்ததும் நாங்கள் முதலில் செய்தது, மாலைப் பாடசாலைக் கூட்டத்துக்குப் பாட்டுத் தாள் அச்சடித்தது. எட்டுப் பக்கம், நகலெடுக்க ஆளுக்கு ஐந்து ரூபாய் ஆனது. தாள் கையில் இருந்தால் டீக்கடைக்குப் போகிறவர்கள் குறைகிறார்கள், இது உண்மை. எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. அருந்ததியர் தெருப் பெண்கள் நடவில் பாடும் பாட்டு ஒன்றுகூட முதல் தாளில் இல்லை என்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். அடுத்த தாளைத் தொகுக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்திருக்கிறோம். பாட்டிகளிடம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது.