பல்லும் சொல்லும்

பற்களுக்கு முத்தை உவமை கூறுவது நம் புலவர் மரபு. என் பற்களுக்கு அவ்வுவமை பொருந்தியதில்லை. மேல்வரிசை துருத்தி நின்றமையால் சிரிக்கும்போதெல்லாம் கைக்குட்டை வாயை மூடும்; மேடையேறவும் நெஞ்சம் துணியாது. முதுகலை முதலாண்டில்தான் பற்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டேன்.

பல்லை நகர்த்துவது வன்செயல் அன்று. பற்களின் வெளிப்புறம் ஒட்டிய சிறு பிடிகளூடே செல்லும் கம்பி மெல்ல அழுத்துகிறது. அழுத்தமுற்ற பக்கத்தில் எலும்பு கரைய, மறுபக்கத்தில் புதிதாய் வளர்கிறது. ஆதலின் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பொறுத்தல் வேண்டும். இம்முயற்சி பழமையானது. பற்களை நேராக்கும் உலோகப் பட்டையைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இலேயே தம் நூலில் விளக்கியுள்ளார்.

கம்பியை இறுக்கிய முதற் சில நாட்கள் கஞ்சியும் இட்லியுமே உணவு. கன்னத்தில் உரசுமிடத்தில் மெழுகு ஒட்டினேன். உப்பிட்ட வெந்நீரால் கொப்பளித்தேன். முறுக்குக்கும் கடலைமிட்டாய்க்கும் விடை கொடுத்தேன். உண்ணுந்தோறும் பல் துலக்கினேன். கம்பி கழன்ற பின்னரும், பற்கள் பழைய இடம் நாடாதிருக்கத் தகடு அணிதல் இன்றியமையாதது.

நான்காம் மாதம் துறையில் சொற்போர் வந்தது. பிறர் நகைப்பரோ என்ற அச்சம் எழுந்தது. ஆயினும் நாவை வளைத்துப் பிறக்கும் ழகரத்தைக் கம்பி எங்ஙனம் தடுக்கும்? பெயர் கொடுத்தேன்; பேசினேன். அவையோர் என் வாதத்திற்கே செவி கொடுத்தனர்.

மாணவ நண்பர்களே! பல் நேராகும்வரை சொல் காத்திருக்க வேண்டுவதில்லை.