என் கையால் கொடுத்த களிம்பு



நம் இல்லங்களில் மருந்துகள் மிக எளிதாகக் கைமாறுகின்றன. அத்தாவின் மாத்திரையை மகன் விழுங்குவதும், மாமியின் களிம்பை மருமகள் பூசிக்கொள்வதும் நாம் அன்றாடம் காண்பவை. அவ்வாறு என் மகளுக்கு நானே கொடுத்த ஒரு சிறு டியூபைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் உங்களில் யாரேனும் ஒருவரது அலமாரியில் அதே டியூப் இன்று இருக்கக்கூடும்.

நாற்பது வயதைக் கடந்து தாடி வளர்க்கத் தொடங்கிய பிறகு, என் மூக்கின் இருபுறமும் புருவங்களிலும் தாடிக்குள்ளும் செதில் செதிலாகத் தோல் உதிர்ந்தது. அரிப்போடு, நம் மாநிறத்தில் பளிச்சென்று தெரியும் வெளிர்திட்டுகளும் விழுந்தன. தொழுகை முடிந்து ஸலாம் கூறிக் கைகொடுக்கும்போது, ஒருவர் தம் கையைச் சற்று விரைவாகவே இழுத்துக்கொண்டார். உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "வெண்குஷ்டமா?" என்று என் துணைவியாரிடம் தனியே விசாரித்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மருந்துக் கடையில் முகத்தைக் காட்டி ஒரு களிம்பு வாங்கி வந்தேன். மூன்றே நாளில் முகம் துடைத்து வைத்ததுபோல் ஆயிற்று! நிறுத்தினால் பத்து நாளில் மீண்டும் வரும், மீண்டும் பூசுவேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக் கவலையும் தூக்கமின்மையும் சேர்ந்த நாள்களில் அவளுக்கும் மூக்கோரம் அதே செதில் கண்டது. "இதைப் பூசு, சரியாகிவிடும்" என்று டியூபை நீட்டியவன் நான்தான். பூசிய இடம் வெளுப்பதைக் கண்டு அவள் முகம் முழுவதும் பூசத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. பெண் நிறமாகி வருகிறாள் என்று வீட்டில் மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

2019ஆம் ஆண்டு தை மாதம், ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு செண்பகத்தோப்புக்குச் சென்றோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மாந்தோப்புகளைக் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது; 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. மழைக்காலம் முடிந்த வேளையாதலால் ஓடையில் தெளிந்த நீர் ஓடிற்று. லுஹருக்கு அந்த நீரிலேயே ஒளூ செய்தோம். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் மகள், "அத்தா, எரியுது அத்தா!" என்று அலறினாள். முக்காட்டை விலக்கிப் பார்த்தேன். கன்னங்கள் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்திருந்தன. அரை நாள் வெயிலைக்கூட அந்தத் தோலால் தாங்க இயலவில்லை. கூர்ந்து நோக்கினால் நூல் போன்ற இரத்த நாளங்கள். கொண்டுபோன சோற்றைப் பிரிக்காமலேயே திரும்பினோம்.

மதுரையில் தோல் மருத்துவரான ஓர் அம்மையாரிடம் காட்டினோம். அவர் நோயைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "எத்தனை டியூப் தீர்ந்தது?" என்றுதான் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நான் வாங்கிய களிம்பில் இருந்தது குளோபெட்டசால் என்னும் கடுமையான ஸ்டீராய்டு. முகத்தின் மெல்லிய தோலில் அதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மேலும் மெலியும். நிறுத்தினால் முன்னிலும் அதிகமாகக் கொந்தளிக்கும். 'ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்' என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயரே சூட்டும் அளவுக்கு இது இங்கே பெருகியிருக்கிறது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. என்னிடம் எந்தக் கடையிலும் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. நானும் உறையைப் படித்ததில்லை. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் ஆகிய பெயர்களை உங்கள் வீட்டு டியூபில் தேடிப் பாருங்கள். சிவப்பழகுக் களிம்பு என்று கைமாறுபவற்றிலும் இவை இருப்பதுண்டு. ஸ்டீராய்டே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் மென்மையான வகையைச் சில நாள்களுக்குத் தருவது வேறு, நாமே ஆண்டுக்கணக்கில் பூசிக்கொள்வது வேறு.

எங்கள் இருவருக்கும் வந்த மூல நோயின் பெயர் செபோரிக் டெர்மடைட்டிஸ். தலைப்பொடுகு முகத்துக்கு இறங்கி வந்ததாகக் கொள்ளலாம். 1874இல் மாலசே என்ற பிரெஞ்சு அறிஞர் பொடுகில் கண்டு கூறிய, இன்று அவர் பெயராலேயே மலசீசியா என வழங்கும் நுண்ணிய பூஞ்சை, எல்லா மனிதரின் தோலிலும் குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெயே அதன் உணவு. சிலருடைய தோல் அதைப் பொறுக்காமல் சினந்துகொள்கிறது. ஆகவே இது ஒட்டுநோயன்று, வெண்குஷ்டமுமன்று. கைகொடுக்கத் தயங்கியவருக்கு இதைச் சொல்ல வேண்டுமென்று பலமுறை நினைத்ததுண்டு.

ஜைத்தூன் எண்ணெய் பூசினேன் என்று சொன்னபோது மருத்துவர் சிரித்தார். ஆய்வுக்கூடங்களில் இப்பூஞ்சையை வளர்க்க அந்த எண்ணெயைத்தான் ஊற்றுவார்களாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறிய எண்ணெயாயிற்றே என்று மனம் தயங்கியது. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் அவர்களே அல்லவா? இப்போது எங்கள் வீட்டில் ஜைத்தூன் எண்ணெய் உணவுக்குப் பயன்படுகிறது.

எனக்கு அவர் கீட்டோகோனசோல் ஷாம்புவைத் தந்தார். தலையிலும் தாடியிலும் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவேண்டும். முதல் சில வாரங்கள் வாரம் இருமுறை. பின்னர் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை. முகத்துக்கு அதே மருந்தின் களிம்பு சில வாரங்கள். வேரோடு போகும் நோயல்ல, அடக்கி வைக்கலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார். வெளிர்திட்டுகள் மறையத்தான் மாதங்கள் பிடித்தன. ஐவேளை ஒளூவால் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போடாமல், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கும்படி கூறினார்.

மகளின் பாடு பெரிது. களிம்பை நிறுத்திய முதல் மாதம் முகம் வீங்கி, கண்ணாடிக்குத் துணி போட்டு மூடி வைத்தாள். தேர்வை அந்த முகத்தோடுதான் எழுதினாள். ஸ்டீராய்டு இல்லாத வேறொரு மருந்து, வாசனையில்லாத ஈரப்பூச்சு, வெயில் தடுப்புப் பூச்சு, இவற்றோடு எரிச்சல் அடங்க எட்டு மாதமாயிற்று. ஒருநாள்கூட அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறாள். சென்ற மார்கழியில் குளிருக்கு என் மூக்கோரம் மறுபடியும் செதில் தலைகாட்டிற்று. அலமாரியில் கைவைத்தேன். சமையற்கட்டிலிருந்து வந்தவள், "அத்தா, அதை இப்படிக் கொடுங்க" என்று டியூபை வாங்கி, சன்னலோரம் கொண்டுபோய், உறையிலிருந்த பொடி எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படித்த பிறகே என் கையில் திருப்பித் தந்தாள்.