இரண்டு ரமணிகள்

“ரமணி வெர்ஸஸ் ரமணி” தொடர் நினைவிருக்கிறதா, சகோதரிகளே? பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 1990-களின் இறுதியில் நாகா இயக்கியது. புருஷன், பெண்டாட்டி இருவர் பெயருமே ரமணி. சண்டைக்குக் குறைச்சலே இல்லை!

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் இவரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பேசி மூன்று நாளாகியிருந்தது. காப்பிகூட மாமியார் கை வழியாகத்தான் அவருக்குப் போகும்.

திரையிலே அந்த ரமணி, கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“என் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பினால் தப்பா?” என்றேன், டெலிவிஷனைப் பார்த்தபடியே.

இவர் எழுந்து சத்தத்தைக் குறைத்தார். “அனுப்பியது தப்பில்லை. பிறத்தியார் சொல்லித்தானே எனக்குத் தெரிந்தது?”

என்னிடம் பதில் இல்லை. மாமியார் மெல்ல எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.